அண்ணன் வாசலில் ஒரு சுரங்கவழி

அண்ணனின் புது விடுதித் திறப்புக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் பார்க்கும்படி, மீன்கடைக்காரி உண்டியலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். தகர டப்பாவில் மீன்பிடிப் பூனையின் படம் ஒட்டியிருந்தது. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டே அருகிப்போன இனம். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே, சாலைக்கு அடியில் அதற்கொரு சுரங்கவழி வெட்டத்தான் இந்த வசூல்.

"போடுண்ணே. வாயில்லா ஜீவன், புண்ணியமாப் போகும்."

நாலு பெரிய மனிதர்கள் நிற்கையில் அவன் என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, ஒரு நோட்டை மடித்துப் போட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதுதான் இனித்தது.

வசூலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையைக் கழுவி மூடியதும் கிளம்பிவிடுவாள். வங்கி, பள்ளிக்கூடம், லாரி ஷெட் என்று அவள் ஏறாத படி கிடையாது. பூனைமேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று பேசிக்கொண்டார்கள். பாசமாவது கத்தரிக்காயாவது! கடைப்பக்கம் எட்டிப் பார்க்கும் பூனைமேல் வாளித் தண்ணீரை வீசி விரட்டுகிறவள் அவள்.

அப்பா நினைவு தப்பிக் கிடந்தபோது, அவர் பெருவிரலை மையில் அழுத்திச் சாலையோர நிலம் முழுவதையும் அண்ணன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். கேட்கப் போனவளை, "கட்டிக்கொடுத்தாச்சில்ல? அப்புறம் இங்க உனக்கு என்ன வேலை?" என்று வாசலோடு திருப்பி அனுப்பினான். அன்றைக்கு வயிற்றில் பற்றியது அணையவேயில்லை. அந்த நிலத்தில்தான் இந்த விடுதி. சுரங்கவழி அதன் எதிரே வந்தால் முன்பக்கம் முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். வாசலில்லாத விடுதிக்கு எவன் வருவான்?

எந்த இடம் என்பதைக் கேமராதான் சொல்லும் என்றிருந்தாள், பூனைகளை ஆராய வந்த பெண். சாலையோரம் மூன்று இடங்களில் கேமரா கட்டியிருந்தாள். பூனைகள் காலங்காலமாகக் கடந்தது பழைய மதகுப் பக்கம். மீன்கடைக்காரி விடுவாளா? பொழுது சாயும் நேரத்தில் மீன்தலைகளைக் கொண்டுபோய், கேமராவின் கண்ணில் படாமல் அண்ணன் வேலியோரப் புதரில் வீசிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் பூனைகள் பாதையை மாற்றிக்கொண்டன.

"அதிசயமா இருக்குக்கா. எல்லாம் இந்தப் பக்கமே வருது."

"அதுகளுக்குத் தெரியும்மா, எது யாரு சொத்துன்னு."

இடம் முடிவானது, பணம்தான் பாதியில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் வேலிக்கு எதிரே தாய்ப்பூனை ஒன்று லாரியில் அடிபட்டது. மதகு வளைவில் வண்டிகள் நிதானித்துத் திரும்பும். இங்கே நேர்ச்சாலை, பறக்கும். முதலில் பார்த்தவள் அவள்தான். பூனையின் வாயில் கவ்வியபடி இருந்த மீன்தலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஆராய்ச்சிப் பெண்ணைக் கூப்பிட்டாள். சுருக்கென்று ஏதோ தைத்தது. ஒன்று போனால் என்ன, வழி வந்தால் நூறு பிழைக்கும் என்று அதை அமுக்கிக்கொண்டாள். செத்த பூனையின் படம் ஊரெல்லாம் சுற்றியது. பணம் கொட்டியது.

விடுதி முன்பக்கத்தை எடுக்கப்போவதாக அரசாங்க நோட்டீஸ் கிடைத்த அன்றே அண்ணன் கடைக்கு ஓடிவந்தான்.

"கூடப்பொறந்தவன் குடியைக் கெடுத்திட்டியேடி!"

"கூடப்பொறந்தவன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

அவன் முகம் செத்துப்போனதைப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அப்படியொரு சுகத்தை அவள் கண்டதில்லை.

அன்று சாயங்காலமே விடுதி வாசலைப் பார்க்கப் போனாள். அளவுக்கல்கள் நட்டிருந்தார்கள். வேலை தொடங்க அடுத்த வருஷமாகும் என்றார்கள். ஆகட்டும், கல்லே போதும். வேலியைப் பிடித்துக்கொண்டு ஆசைதீரப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் வயல்வரப்பில் ஒரு பூனைக்குட்டி நின்றது. அவளைக் கண்டதும் வாலைத் தூக்கியது. நேர்ச்சாலையின் கோடியில் லாரி இரைந்தது.

"போ! அங்கயே போ! ஒண்ணுமில்ல, பாரு!"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு, குட்டி தார்ச்சாலையில் கால் வைத்தது.