அத்தை வைத்த பொட்டலம்

என் நாத்தனார் மகாராணிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் லீவு முடிந்து போடியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்களுக்குள் வெடிக்கிற சண்டைக்குக் காரணம் ஒன்றுதான். கசகசா.

வெளிநாடு போகிறவன் பெட்டியில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பொட்டலம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏலக்காய், கருவாடு, வறுத்து அரைத்த மசாலா. வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாம் கறிக்குழம்புக்கு அரைக்கிற கசகசா அந்த நாட்டில் போதைப்பொருள் கணக்கு. பக்கத்து ஊர்ச் சிலமலைக் காசிமாயன் அது தெரியாமல் மாமியார் கொடுத்த பொட்டலத்தோடு போய் இறங்கினான். ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் ஊர் திரும்பவில்லை. அவன் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வந்தது, அப்பன்தான் வரவில்லை.

அதனால்தான் இந்தத் தடவையும் பெட்டிகளைக் கூடத்தில் கவிழ்த்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து மோந்து பார்த்தேன். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் பிறகுதான் போகிறேன். எங்கள் பாப்பா பவித்ராவுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதால் அவளும் அவள் அப்பா லிங்கேஸ்வரனும் முதலில் கிளம்புகிறார்கள். நான் கூட இல்லாத பயணம் என்பதால், சும்மா சொல்லக்கூடாது, பயமாகத்தான் இருந்தது.

மகாராணியின் பொட்டலத்தில் பிடித்துவிட்டேன். மசாலாத் தூளுக்குக் கீழே தனியாக முடிந்து வைத்த கசகசா.

"மதினி, போன தடவையே சொன்னேனா இல்லையா? இது அங்க ஆகாது. போலீசு புடிச்சுட்டுப் போயிருவான்."

"எது, கசகசாவுக்கா? பலசரக்குக் கடையில விக்கிற சாமானுக்குப் போலீசா? யாருக்குத்தா காது குத்துற? நான் குடுக்குறது ஒனக்கு எளப்பமாத் தெரியுது. அதச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம். வாசலில் நாலு பேர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

"அக்கா மனசு நோக ஏன் இப்படிப் பண்ற?" என்றார் லிங்கேஸ்வரன். ஆத்தா இல்லாத வீட்டில், ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் அவரை ஆளாக்கியவள் அவள். அவளை ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வராது.

மகாராணி ஏசவில்லை, மூக்கைச் சிந்தவில்லை. "சரித்தா, ஒன் இஷ்டம்" என்று எழுந்து போனாள். லேசில் அடங்குகிறவளா அவள்?

மறுநாள் விடியுமுன்பே மறுபடி வந்தாள். தோட்டத்து ஜீப்பைப் பிடிக்கிற அவசரத்திலும் பாப்பாவுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். காதோடு ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னடி சொன்னாங்க அத்தை?"

"அது ரகசியம்மா. சாமி சத்தியம் பண்ணியிருக்கேன்."

பாப்பாவின் பள்ளிக்கூடப் பைக்குக் கை நீட்டினேன். "சின்னப்புள்ள பையையும் மோந்து பாக்கணுமா?" என்று லிங்கேஸ்வரன் எரிந்து விழுந்தார். கொச்சிக்குப் போய் ஃப்ளைட் ஏற வேண்டும். போடிமெட்டில் மூடுபனி என்று டிரைவர் வேறு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். கையை இழுத்துக்கொண்டேன். கார் மலைப்பக்கம் திரும்பும்வரை பாப்பா கையாட்டினாள்.

மூணாறு தாண்டியதும் பேசினார். ஏறப் போகிறோம் என்று மத்தியானம் பேசினார். அப்புறம் போன் அணைந்துவிட்டது.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி, கையில் ஏலக்காய்க் கறையோடு மகாராணி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"எறங்கிட்டாகளா?"

"இன்னும் இல்ல மதினி. பறந்துக்கிட்டிருக்காங்க."

"நீ கொட்டிட்டா எந்தம்பி வாய்க்கு ருசியாத் திங்காமப் போயிருவானா? பாப்பா பையில, புத்தகத்துக்கு அடியில வேற பொட்டலம் வச்சுவிட்டுட்டேன்ல!" ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள்.

"அடிப் பாவி!" என்று அலறினேன். "காசிமாயன் எதுக்கு உள்ள கெடக்கான்னு நெனச்ச நீ?"

சிரிப்பு நின்றது. "அவன் கம்பெனியில களவாண்டுட்டான்னுல்ல ஊருல பேசிக்கிட்டாக. ஆத்தா... மெய்யாவா?"

வேறு எப்படிப் பேசியிருப்பார்கள்? போதைப்பொருள் என்று ஊருக்குச் சொல்ல அவன் வீட்டாருக்கு நாக்கு எழுமா?

போன் போட்டேன். அணைந்தே இருந்தது. "பாப்பா பையில கசகசா இருக்கு. பிளேன விட்டு எறங்குன ஒடனே தூக்கிப் போட்டுருங்க" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். ஒற்றை டிக். அவர் விசாவில்தான் என் விசா, பாப்பா விசா, சார்ஜாவில் நாங்கள் இருக்கிற ஒற்றை ரூம், அவள் பள்ளிக்கூடம் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. விசா போனால் போகட்டும், மனுஷன் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகாராணி வாசல்படியோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

இருட்டத் தொடங்கியபோது இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். யாரோ கட் செய்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சார்ஜா நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா." பவித்ரா. "போலீஸ் ஆன்ட்டி போன் குடுத்தாங்கம்மா. அப்பாவ ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் தங்கம்? என்ன கேட்டாங்க?"

"என் பையத் தெறந்து, இத யாரு வச்சதுன்னு கேட்டாங்க. அப்பா, நான்தான் வச்சேன்னு சொல்லிட்டாரு. அது பொய்தானம்மா? ஆனா நான் ஒண்ணுமே சொல்லல. அத்தைகிட்ட சாமி சத்தியம் பண்ணியிருக்கேன்ல?" மூக்கை உறிஞ்சினாள். "இப்பச் சொல்லலாமாம்மா?"

"சொல்லு! எல்லாத்தையும் சொல்லுடா தங்கம்!" என்று கத்தினேன். அதற்குள் போன் கைமாறியிருந்தது. அரபியில் ஒரு பெண் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மகாராணி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா என்னத்தா சொல்லுது?"

"ஒங்களுக்குப் பண்ணிக்குடுத்த சத்தியத்தக் காப்பாத்திட்டாளாம், மதினி" என்றேன்.