மேட்டுக்கு அந்தப் பக்கத் தண்ணீர்

"இது இல்ல" என்று மத்தேய் உதட்டை இறுக மூடிக்கொண்டார். கரண்டித் தண்ணீர் தாடையில் வழிந்து தலையணையை நனைத்தது.

மகள் யர்மிலா துடைத்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் கொடுத்தாள், துப்பினார். முற்றத்துக் கிணற்றில் இறைத்து வந்தாள், அதையும் துப்பினார். சாகப்போகிற நேரத்தில் இத்தனை வீம்பு எங்கிருந்துதான் வருமோ!

"பின்ன எதுப்பா வேணும்? சொல்லித் தொலைங்களேன்."

அவர் கண் ஜன்னல் பக்கம் திரும்பியது. வெளியே மேடு, மேட்டின்மேல் கற்சிலுவை, அதற்கு அப்பால் மொராவியா. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அம்மா அனெஷ்கா பிறந்த வீடு மேட்டின் அந்தப் பக்கச் சரிவில் இருந்தது. ஊர் ஒன்றுதான், ஆனால் மேடு அதைப் பொஹீமியா, மொராவியா என்று இரண்டு சீமையாக்கியிருந்தது. இந்தப் பக்கக் கூரையில் விழும் மழை வட கடலுக்குப் போகும், அந்தப் பக்கத்து மழை கருங்கடலுக்கு. இந்தப் பக்கத்தார் செத்தால் பொஹீமியக் கல்லறை, அந்தப் பக்கத்தாருக்கு மொராவியக் கல்லறை. மாமனார் வீட்டுத் தண்ணீரை மத்தேய் ஆயுசுக்கும் கிண்டலடித்தார்.

"ஆணியை ஊறவச்ச மாதிரி இருக்குடி உங்க தண்ணி" என்பார்.

"அதைக் குடிச்சு வளர்ந்தவளைத்தானே தேடி வந்து கட்டிக்கிட்டீங்க?" என்பாள் அம்மா. அவளா விடுவாள்!

அம்மா இறந்தது ஒரு ஜனவரியில். காற்று பனியை வாரி இந்தப் பக்கக் கல்லறைக்குப் போகும் சாலையில் கொட்டியிருந்தது, குதிரைகூட நகரவில்லை. வேறு வழியில்லாமல் பெட்டியை அந்தப் பக்கம் இறக்கி, அவள் தாய் தகப்பன் அருகே புதைத்தார்கள். "பனி உருகட்டும், எடுத்துட்டு வந்துடலாம்" என்றார் மத்தேய். இந்தப் பக்கக் கல்லறையில் இருவர் பெயரும் வெட்டிக் கல்லும் நட்டார். பனி எத்தனையோ முறை உருகியது, அவர் பேச்சே எடுக்கவில்லை.

யர்மிலா கூஜாவோடு மேடேறி இறங்கி, அம்மா பிறந்த வீட்டில் இப்போது இருக்கும் மாமா மகன் ஷிமோனின் கிணற்றில் நிரப்பிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். மத்தேய் கரண்டி கரண்டியாகக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டார். உயிர் வெளியேற ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

நகரத்திலிருந்து அண்ணன் ஒல்ட்ரிஹ் வந்ததும் வாக்குவாதம் ஆரம்பித்தது.

"அம்மா பக்கத்துல வச்சிடலாம்ணா. ஷிமோன்கிட்ட குழி வெட்டச் சொல்லிட்டேன்."

"கிறுக்கா உனக்கு? இங்கயும் குழி வெட்டியாச்சு. கல்லு நிக்குது, பேரு இருக்கு. அவரைப்போய் மொராவியாவுல போட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"அவரா அப்படிக் கேட்டாரு? உண்மையைச் சொல்லு."

ஆமாம் என்றால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "கேக்கல. அங்கேருந்து தண்ணி கேட்டாரு. அவ்வளவுதான்."

"அந்தத் தண்ணியா? அப்பாவா?"

மறுநாள் காலையில் ஒல்ட்ரிஹ் சமையலறையில் கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். "ச்சை, ஆணிதான்" என்று சொல்லி, புறங்கையால் வாயைத் துடைத்து, அப்படியே கண்ணையும் துடைத்தான்.

வாசற்படியில் பெட்டியை மூன்று முறை தொடவைத்து வீட்டிடம் விடைபெறச் செய்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கினார்கள். ஒல்ட்ரிஹ் மரச்சிலுவையோடு முன்னே நடந்தான். மேட்டில், சாலை இரண்டாகப் பிரியும் கற்சிலுவையடியில் பெட்டியை இறக்கினார்கள். ஊர் வழக்கப்படி, செத்தவர் சார்பில் பக்கத்து வீட்டு யாஹிம் கிழவர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

"மத்தேய் யார் மனசையாவது நோகடிச்சிருந்தா பொறுத்துக்குங்க."

"எங்க தண்ணியைப் பேசினதையுமா?" என்றான் ஷிமோன். கூட்டம் சிரித்தது. யர்மிலாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பெட்டி மறுபடி தோளேறியது. எல்லோரும் பழக்கத்தில் பொஹீமியச் சாலையைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒல்ட்ரிஹ் திரும்பவில்லை. அப்பா அம்மா பெயர் வெட்டிய கல் நிற்கும் திசையைப் பார்த்தான். பிறகு சிலுவையை நிமிர்த்திப் பிடித்து, அம்மா வீட்டுச் சரிவில் இறங்கினான்.

தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கால் மாற்றி, அவன் பின்னே போனார்கள். கீழே ஷிமோன் வீட்டுக் கிணற்றின் மூடி திறந்திருந்தது. விளிம்பில் ஒரு குவளை இருந்தது.