வாசல் வரை வந்த ஃபைபர்

அவளுக்குத் தொழில் கையால் பேசுவது. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் சொல்வதை வீடியோவில் சைகையாக்கிக் காட்டுவாள். அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். எல்லாம் மூன்றாம் மாடி வீட்டு மேஜையிலிருந்தே. கை பளிச்சென்று தெரிய ஒரு கறுப்புச் சட்டை, பின்னால் வெறும் சுவர், அவ்வளவுதான் அலுவலகம்.

சேர்ந்த இரண்டு மாதத்தில் இரண்டு புகார். படம் உறைகிறதாம், விரல்கள் கலங்குகின்றனவாம். மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று மெயிலில் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

அவள் நம்பவில்லை. எதிரில் இருப்பவரின் விரல் நகம்கூட அவள் திரையில் தெரிகிறது. தனக்கு அவர்கள் தெரிகிற மாதிரிதானே தானும் அவர்களுக்குத் தெரிவோம்? கோளாறு உங்கள் பக்கம்தான் என்று பதில் எழுதிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் இன்டர்நெட் லைன்மேனை வரச் சொன்னாள்.

இணைப்பை அவள் தலையில் கட்டியது சொந்தத் தம்பி. பிராட்பேண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. “சுத்த ஃபைபர்க்கா, கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடு” என்றான். அவளும் அப்படியே போட்டாள்.

லைன்மேன் மாடிக்கே வரவில்லை. அக்காவையும் தம்பியையும் கீழே மீட்டர் அறைக்குக் கூப்பிட்டு ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தார்.

“இந்த மஞ்சள் ஒயர்தான் ஃபைபர். இங்கேயே முடிஞ்சிருச்சு பாருங்க.”

“அப்ப எங்க வீட்டுக்கு வர்றது?”

“பழைய டெலிபோன் கம்பி. கட்டடம் கட்டினப்ப போட்டது. நடுவுல மூணு ஒட்டு வேற.”

“விளம்பரத்துல ஃபைபர்னுதானே இருக்கு” என்று தம்பி மென்று விழுங்கினான்.

“ஃபைபர்தான். வீட்டுக்குள்ள வரைக்கும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

தம்பி போனில் தேடிப் படித்தான். போட்டிருக்கவில்லை. இரண்டு வருஷமாக ஊரெல்லாம் அதை விற்றவன், முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று அவளுக்கு இருந்தது.

லைன்மேன் கருவியை மாட்டிப் பார்த்தார். “உள்ள வர்ற வேகம் அறுபது. அதான் உங்களுக்குப் படம் கண்ணாடி மாதிரி இருக்கு. வெளிய போறது ரெண்டைத் தாண்டல, அதுவும் விட்டு விட்டு. நீங்க அவங்களைப் பாக்கறீங்க. அவங்களுக்கு நீங்க சரியாத் தெரியல.”

தான் எழுதிய பதில் மெயிலை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீடு வரை ஃபைபர் இழுக்க மூன்று வாரம் ஆகுமாம். அடுத்த அழைப்புக்கோ அரை மணிதான் இருந்தது. ஒரு வயதான தச்சர், ரத்த அழுத்தம், மூன்றாவது முறை வருகிறார்.

“மோடத்தை எடுத்துட்டு வாங்க. இங்கேயே மாட்டித் தர்றேன். ரெண்டடி ஒயர்ல தடையில்லாம போகும்” என்றார் லைன்மேன்.

மீட்டர்களின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டான்.

திரையில் தச்சர் வந்தார். வணக்கம் சொன்னதுமே முன்னால் குனிந்து அவள் கைகளை உற்றுப் பார்த்தார். மாத்திரை கொடுத்தும் அழுத்தம் குறையவில்லை, அளவை இரட்டிப்பாக்கப் போகிறேன் என்றார் டாக்டர். அவள் கைகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தச்சர் தடுத்தார்.

‘இன்றைக்குத்தான் உன் கை முழுசாகத் தெரிகிறது. அந்த மாத்திரை எத்தனை வேளை? அன்றைக்குக் காலையில் ஒன்று என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டாய். ஒரு வேளைதான் போட்டு வருகிறேன்.’

அவள் வாயால் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ரெண்டு வேளை சொன்னேனே. புரியலைன்னா ஏன் தலையாட்டினார்? கேளுங்க.”

கேட்டாள். தச்சர் சற்றுத் தயங்கிக் கையை உயர்த்தினார். ‘ஏற்கெனவே இவள்மேல் புகார் இருப்பதாக நர்ஸ் எழுதிக் காட்டினாள். நானும் புரியவில்லை என்றால் வேலை போய்விடும். பிழைக்க வந்த பெண்.’

டாக்டருக்குச் சைகை தெரியாது. “என்ன சொல்றார்?” என்றார்.

அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.