கன்னத்தில் ஒரு குழி

1

இந்தக் கதை என் ஆள்காட்டி விரலில் தொடங்கியது. பிளாரன்ஸில், ஆற்றோரம் இருந்த எங்கள் பங்குக் கோவிலுக்கு வெண்கலக் கதவு. அதன் சட்டத்தில், ஏழு வயதில் எனக்கு எட்டும் உயரத்தில், ஒரு குழந்தையின் தலை. இடது கன்னத்தில் சின்னக் குழி. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அதில் விரலை வைப்பேன். பனிக்காலத்தில் சில்லென்றிருக்கும், ஜூனில் சுடும்.

இப்போது அந்தக் கதவு அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால். கோவிலில் நிற்பது நகல். வார்ப்புக் குறை என்று நினைத்து, நகலில் அந்தக் குழியை நிரப்பிவிட்டார்கள்.

2

‘1460-ஆம் ஆண்டு, ஒரு மங்கலான காலையில், அந்த மாபெரும் கலைஞன்...’

(வேண்டாம். மாபெரும் கலைஞர்களுக்கு எழுத ஆளிருக்கிறது.)

மறுபடியும்: மேயோ, அந்தக் கதவை வார்க்கும் பட்டறையில் மெழுகுத் தலைகள் செய்கிறவன். பிப்ரவரியில் இறந்த மகளின் முகத்தை நினைவிலிருந்தே மெழுகில் பிடித்துவிட்டான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி தெஸ்ஸாவிடம் காட்டியதுதான் தவறு. நாளை அதைக் களிமண்ணால் மூடிச் சூளையில் வைக்கவேண்டும். மெழுகு உருகி ஓடினால்தான் வெண்கலத்துக்கு இடம்.

3

“தரமாட்டேன். ஒரு தடவ மண்ணுல மூடுனது போதாதா?”

“மெழுகுடி அது. ஜூலை வெயில் வந்தா ஜன்னலோரமே வழிஞ்சிரும். வெண்கலம்னா பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்.”

“யாரோட பேரப்புள்ளைங்க?”

மேயோ கையை நீட்டினான்; அவள் மெழுகைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“வார்ப்பு சரியா விழலைன்னா? போன வாரம் மோசே சிலைக்குத் தாடி பாதிதான் வந்துச்சுன்னு நீதானே சிரிச்சே?”

“அது பெரிய தாடி. இவ சின்னவ.”

(தெஸ்ஸா இங்கே அழுவதாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன்.)

“சரி, எடுத்துட்டுப் போ” என்று நீட்டினாள். நீட்டியவள் பிடியை விடவில்லை. அடுப்படிச் சூட்டில் இளகியிருந்த கன்னத்தில் அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

4

காலையில், பட்டறையில், தலைமை ஆள் எட்டிப்பார்த்தார்.

“என்னடா மேயோ, கன்னத்துல எலி கடிச்சிருக்கு? தேய்ச்சு விடு.”

மெழுகைத் தேய்க்கும் சூடான கரண்டி மேயோவின் கையில் இருக்கிறது. ஒரே இழுப்பில் சரியாகிவிடும். மகளின் கன்னம் முன்பிருந்தபடியே இருக்கும். விட்டுவிட்டால், தாயின் விரலும் சேர்ந்து வெண்கலமாகும். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் தெஸ்ஸா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கரண்டியை உங்களிடம் தருகிறேன். ஆறுவதற்குள் முடிவு செய்யுங்கள்.

போன வாரம் நகலுக்கு முன்னால் குனிந்து நின்று, அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.