சீனி பூத்த பாட்டில்

"இதுவும் பாகுதான்" என்றார் நத்தர்ஷா.

நாக்கில் வைத்த சொட்டைத் துப்பக்கூடத் தெம்பில்லாமல் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெகருன்னிசா பஞ்சால் புருஷனின் வாயைத் துடைத்துவிட்டாள். ஜன்னல் ஓரம் மூன்று தேன் பாட்டில்கள் நின்றன. ஒன்று மகள் பெனாசிர் தேனியில் பெரிய கடையில் வாங்கியது, ஒன்று குமுளியிலிருந்து வரவழைத்தது, இன்னொன்று பக்கத்து வீட்டில் சத்தியம் பண்ணிக் கொடுத்தது. மூன்றையும் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

தொண்டைக் கட்டிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்து ஒன்பது நாள். கஞ்சி இறங்கி மூன்று நாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நெசத் தேன் ஒரு சொட்டு, மெகரு. நான் வித்தது என்னன்னு உனக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி நெசமானது ஒண்ணு நாக்குல படட்டும்."

தெரியும்தான். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ரோட்டோரம் இருபத்திரண்டு வருஷம் மலைத்தேன் என்று போர்டு வைத்து விற்றார். அடுப்பில் சீனிப் பாகு காய்ச்சியது அவள். பாட்டிலுக்கு ஒரு துண்டு தேனடை, செத்த தேனீ இரண்டு. சபரிமலைக்குப் போகிற கார்க்காரர்கள் "தண்ணியில ஊத்திக் காட்டுங்க பாய்" என்றால் பயமே கிடையாது. இறுகக் காய்ச்சிய பாகு நூல் பிடித்தாற்போல் டம்ளரின் அடியில் போய் உட்காரும். பயமெல்லாம் குளிர்நாளில்தான். பாட்டில் அடியில் சீனி பூத்துவிடும். பூத்ததைப் பார்த்தால் எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான். அந்தப் பாட்டில்களையெல்லாம் பொறுக்கி வெந்நீரில் வைத்துக் கரைப்பது மெகருன்னிசாவின் வேலை.

"காமயகவுண்டன்பட்டியில அழகர்னு ஒருத்தரு தேனீப் பெட்டி வச்சிருக்காராம்மா. நான் போயிட்டு வரவா?" என்றாள் பெனாசிர்.

"நீ அத்தாவப் பாத்துக்க. எனக்குத்தான் பாத்த ஒடனே தெரியும்."

"நோன்பு வேற வச்சிருக்கியேம்மா. பஸ்ஸுல மயங்கி விழுந்துடாத."

"அவுகளுக்குத்தான் வச்சிருக்கேன். விழமாட்டேன்."

அழகரின் தென்னந்தோப்பில் வரிசையாகப் பெட்டிகள் இருந்தன. எதிரே வந்தது அவர் மனைவி பிச்சையம்மாள்.

"தேனெல்லாம் யாவாரி எடுத்துட்டுப் போயிட்டாரே. எங்கன இருந்து வர்றீக?"

"பாளையம். வீட்டுக்காரவுக கடைசி மூச்சுல கெடக்காக. ஒரு சொட்டு இருந்தாப் போதும் ஆத்தா."

பிச்சையம்மாள் உற்றுப் பார்த்தாள். "ரோட்டு மேல தேன்கட போட்டிருந்தாகளே, அந்தப் பாய் வீட்டம்மாவா நீங்க?"

மெகருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க. தேன்கடைக்காரவுக நம்மகிட்டத் தேன் கேட்டு வந்திருக்காக."

அழகர் துண்டை உதறியபடி வந்தார். "என்ன பாயம்மா, அடுப்பு அணஞ்சு போச்சா?"

"கட மூடி நாலு வருசமாச்சு."

"மூடினாகளா. நல்லது. நான் வெலையச் சொன்னா, வாங்க வாறவுக 'அங்கன கால்வாசிக்குக் கெடைக்குது, நீ கொள்ளையடிக்கிறியா'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேப்பாக. நெசத் தேன வச்சுக்கிட்டு நான் கள்ளன். நாப்பது பெட்டிய வித்துத் தொலச்சேன்."

"தப்புத்தான்." அவள் முந்தானையை ஏந்தினாள். "எம்புட்டு வேணாலும் திட்டுங்க. திட்டிட்டு ஒரு சொட்டுக் குடுங்க. பொழுது சாயுற வரைக்கும் இருப்பாகளான்னு தெரியல."

அழகர் மனைவி பக்கம் திரும்பினார். "ரப்பர்க் காட்டுல எடுத்தது ஒண்ணு வீட்டுக்குன்னு வச்சிருக்கமில்ல?"

"அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள் பிச்சையம்மாள்.

"குடுத்துரு."

செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் வந்தது. "காச்சல, கலக்கல. எடுத்தது எடுத்தபடி இருக்கு."

மெகருன்னிசா காசை நீட்டினாள். "வேணாம், சும்மா கொண்டு போங்க" என்று அழகர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு உறுத்தியது.

பஸ் ஸ்டாப் வாய்க்கால் கரையில் இருந்தது. அங்கே உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். கழுத்து வரைக்கும் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மூடியைத் திறந்து விரலால் சுரண்டி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். நறநறவென்றது. நோன்பில் நாக்கில் வைக்க முடியாது. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் இதைத்தானே வெந்நீரில் கரைத்தாள்.

சும்மா கொடுத்ததும் இதற்குத்தான், சிரித்ததும் இதற்குத்தான். சாகக் கிடக்கிற மனுஷன் வாயிலா பழி தீர்ப்பார்கள்? விரலை முந்தானையில் துடைத்தாள். பாட்டிலை அப்படியே வாய்க்காலில் வீசினாள். தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போயிற்று. பஸ்ஸில் வழி நெடுக அழுதாள்.

வீட்டில் அவருக்கு இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"கெடச்சுச்சா?" உதடு மட்டும் அசைந்தது.

"இல்லைங்க. சீனிய அடச்சுக் குடுத்து ஏமாத்திட்டாக. பூத்துப் போய்க் கெடந்துச்சு."

நத்தர்ஷா கண்ணைத் திறந்தார். "அடியில மட்டுமா?"

"கழுத்து வரைக்கும். ஒறஞ்ச நெய் கணக்கா."

"எங்கன எடுத்ததாம்?"

"ரப்பர்க் காடுன்னு சொன்னாக."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரமாயிற்று. "நம்ம பாகு அடியில பூக்கும், மெகரு. ரப்பர்த் தேனு முழுசா ஒறையும். கட போடுறதுக்கு முந்தி அங்கிட்டுக் கூலிக்குப் போனப்பத் தின்னுருக்கேன். அதுதான் தேனு."

"இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?"

"நம்ம வீட்டுக்குள்ள அது எப்ப வந்துச்சு, சொல்றதுக்கு?" கையை மெல்ல விரித்தார். "எங்க, குடு."

"வாய்க்கால்ல போட்டுட்டேங்க."

பெனாசிர் எழுந்தாள். "நான் ஓடிப் போயி இன்னொன்னு வாங்கிட்டு வாரேன்."

"இன்னொன்னு இல்லடி. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

விரித்த கை விரித்தபடியே கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவளின் விரலில் ஏதோ பிசுக்கென்று ஒட்டியது. விரல் துடைத்த இடம். அவசர அவசரமாக அந்த நுனியைச் சுருட்டி அவர் உதட்டில் வைத்தாள்.

மூன்று நாளாக அசையாத தாடை அசைந்தது. சப்பினார். மறுபடி சப்பினார். பாகு என்று சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

மெகருன்னிசா முந்தானையை விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். வேறெங்கும் ஒட்டவில்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. கடைசியில் அடுத்த நுனியை எடுத்து, அதேபோல் சுருட்டி, அதேபோல் உதட்டில் வைத்தாள்.

"இந்தாங்க."

நத்தர்ஷா ஒருமுறை சப்பினார். பிறகு தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.