மூன்று கடை, ஒரு கோபுரம்

மலேசியாவின் தங்காக் நகரில் ஜஹானாராவின் துணிக்கடைக்கு இரண்டு பக்கமும் துணிக்கடைகள்தான். மூன்று கடைக்காரர்களும் விலையைக் குறைத்துக் குறைத்து மல்லுக்கு நிற்பார்கள். கட்டடத்தின் சொந்தக்காரரான தவுக்கே லிம் மட்டும் மாதம் பிறந்தால் சிரித்த முகத்தோடு வாடகை வாங்க வந்துவிடுவார்.

எந்தக் கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் பங்கை வாங்குவது என்று கணவர் ரபீக் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அன்று கடைக்குப் பின்னாலிருந்த கைப்பேசிக் கோபுரத்தில் ஆட்கள் ஏறி, ஏற்கெனவே இருந்த இரண்டு நிறுவனங்களோடு மூன்றாவது நிறுவனத்துக்கும் ஆண்டெனா மாட்டினார்கள். அதைப் பார்த்த ஜஹானாரா, அளந்துகொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க! மூனு கம்பெனியும் ஒரே டவர்லதான் தொங்குது! அந்த டவர் யாரோடது?"

"அது வேற கம்பெனி லா. இவங்கல்லாம் வாடகை கட்டுறாங்க."

"அப்ப அந்த டவர் கம்பெனி பங்கை வாங்குங்க! இவ்வளவு நாளா பக்கத்துக் கடைங்களோட விலைச் சண்டை போட்டது போதும். தவுக்கே மாதிரி நாமளும் கொஞ்சம் சிரிப்போம்!"