கோட்டுக்கு மேலே நின்ற தண்ணீர்

மாடி பாத்ரூமில் யார் குளித்தாலும் கீழே கன்னியம்மாவின் கட்டிலில் சொட்டும். பாதிக் கட்டிலை ஒரு வாளிக்கு விட்டுக்கொடுத்து, மீதியில் ஒருக்களித்துப் படுத்துப் பழகியிருந்தாள் அந்த அம்மாள்.

மகன் ஜெரால்டுக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்கு ரயிலேறிப் போகிறவன், லீவு போட்டுப் பழைய டைல்ஸையெல்லாம் பெயர்த்தான். "இனிமே உன் மேல ஒரு சொட்டு உழாதும்மா" என்று வாக்கும் கொடுத்துவிட்டான். தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் பூச்சை மூலை முடுக்கெல்லாம் வலைத்துணி ஒட்டி, முட்டி தேயத் தேய அவனே பூசினான். குளித்த துண்டைக் கொடியில் போடத் தெரியாத மனுஷனா இது என்று அவன் மனைவி ஜெபா கதவோரம் நின்று பார்த்தாள். அவளுக்கு அவன் மேல் ஆசை ஆசையாக வந்தது.

மேஸ்திரி ராஜமாணிக்கம் உடனே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று பறந்தார். ஜெரால்ட் விடவில்லை. வடிகுழாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, அது நின்ற மட்டத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டான். சாயங்காலம் வரை கோட்டிலேயே நின்றால் மறுநாள் டைல்ஸ் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

மதியம் ஜெபா எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அவன் முகம் வாடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர் கட்டியபோது, சிமெண்ட் காயக்கூடாது என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிய கை அது. தானாகவே குடத்தைத் தூக்கிவிட்டது.

நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. கீழே கன்னியம்மா வாளியைத் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டுக் கட்டிலின் நட்டநடுவில் தலையணையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜெரால்ட் வந்ததும் வராததுமாக மாடியேறினான். குனிந்து பார்த்தவன், மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"போனை வைங்க," என்றாள் ஜெபா. "தண்ணி எறங்கிச்சு. நான்தான் ஊத்தி வச்சேன்."

"தெரியும். லீக்கானா தண்ணி எறங்கும், ஏறாது. கோட்டுக்கு மேல நிக்குது பாரு," என்றான். "நாளைக்கு வராதீங்கன்னு சொல்லத்தான் அவர கூப்ட்டுக்கினு இருக்கேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தண்ணீரை இறைத்துவிட்டுத் தேடினார்கள். வடிகுழாயின் கழுத்தைச் சுற்றி வலைத்துணி ஒட்டாமல் விட்டிருந்தான். இறங்கிய தண்ணீர் குழாயோடு ஒழுகி வெளிச்சுவரில் போயிருந்தது, அதனால்தான் கட்டிலில் சொட்டவில்லை. அவள் துணியை வெட்டிக் கொடுக்க, அவன் பூசினான். நன்றாகக் காயவிட்டு மறுபடி நிரப்பி, புதுக்கோடு போட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். போகும்போது குடத்தைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மதியம் போன் வந்தது. "தண்ணி எங்க நிக்குது?"

"கோட்டுலயே."

"கொடம்?"

ஜெபா திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மா கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த மடியில. கேட்டாலும் தர மாட்டேன்றாங்க."